பணம் பெரிதா, வளர்த்த நாயின் விசுவாசம் பெரிதா?

கேள்வி இதுதான்: ஆறு வயது நாய், குட்டியிலிருந்து வளர்த்தது, நல்ல இனம், நன்றாகப் பழக்கியும் வைத்திருக்கிறீர்கள். பார்த்த ஒருவருக்குப் பிடித்துப்போய்ப் பெரிய தொகை சொல்லிக் கேட்கிறார். உங்களுக்குக் கடன் இருக்கிறது, மாதாமாதம் அடைந்துகொண்டுதான் இருக்கிறது, அந்தப் பணம் வந்தால் ஒரேயடியாகப் பாதிக்கு மேல் அடைந்துவிடும். நண்பர்கள் "நாய்தானே, இன்னொன்று வாங்கிக்கொள்" என்கிறார்கள். ஆனால் அது தினமும் வாசலில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருப்பதை நினைத்தால் மனம் வரவில்லை. ஒரு பிராணியின் விசுவாசம் உண்மையிலேயே பணத்தைவிடப் பெரிதா, இல்லை நான்தான் உணர்ச்சிவசப்படுகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாய்களைப் பழக்குவதும், வீடு மாற வேண்டிய நாய்களுக்குப் புது இடம் பார்த்துக் கொடுப்பதும் என் வேலை. அதனால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டேதான் இருக்கும். என் பதில், பெரிதுதான். ஆனால் "அன்புக்கு விலை ஏது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. அப்படிச் சொல்பவர்களில் பலர், நாய்க்கு உடம்பு முடியாமல் போய் மருத்துவர் செலவைச் சொன்னதும் விலை பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி, பொறுமையாகப் போட வேண்டியது.

அவர் கொடுக்க வருகிற பணம் எதற்கு என்று முதலில் பாருங்கள். இனத்துக்கு, உடல்வாகுக்கு, வயதுக்கு, நீங்கள் கொடுத்த பயிற்சிக்கு. இவையெல்லாம் கைமாறும். உங்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே எழுந்து நிற்கிறதே, அது கைமாறாது. அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் காது உங்கள் வண்டியைத்தான் தேடும். ஆக, நீங்கள் இழப்பது இரண்டு, அவருக்குக் கிடைப்பது ஒன்று. நாயை விற்கலாம், அதன் விசுவாசத்தை விற்க முடியாது, ஏனென்றால் அது உங்களிடம் இருக்கிற பொருளே இல்லை, நாயிடம் இருப்பது.

இதைச் சந்தையே ஒப்புக்கொள்கிறது. சாதாரண வீட்டு நாய்க்கு மிக அதிக விலை பெரும்பாலும் எப்போது? ஏறக்குறைய எட்டு வாரக் குட்டியாக இருக்கும்போது, அதாவது அதற்கு உலகத்தில் யார் மேலும் எந்த விசுவாசமும் இல்லாதபோது. பத்து வயதில், இருமல் சத்தத்தை வைத்தே உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்களைத் தெரிந்துவைத்திருக்கும்போது, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. விசுவாசம் ஏற ஏற விலை இறங்குகிறது. இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

2014-இல் சீனாவில் நடந்த ஒரு செல்லப்பிராணி கண்காட்சியில் திபெத்திய மாஸ்டிஃப் குட்டி ஒன்று 1.2 கோடி யுவானுக்கு விலைபோனது, அன்றைய கணக்கில் ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்க டாலர். வாங்கியவர் கட்டுமானத் தொழிலில் இருந்த ஒரு பணக்காரர். சிங்கம் மாதிரிப் பிடரி, பெரிய தலை, வாசலில் கட்டினால் ஒரு அந்தஸ்து, இதற்குத்தான் அவ்வளவு பணம். சீக்கிரமே அந்த மோகம் வடிந்தது. பண்ணைகள் மூடின, விற்காத நாய்கள் கைவிடப்பட்டு திபெத்தியப் பீடபூமியில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. அதே இனம், அதே பிடரிதான். விலை மட்டும் போய்விட்டது.

உங்கள் நண்பர்களில் கொஞ்சம் பொருளாதாரம் படித்தவர் இருந்தால் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி போடுவார். தன்னிடம் இருக்கிற எதையும் மனிதன் கூடுதலாகத்தான் மதிப்பிடுவான், நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்பார். தப்பில்லை. கானமன், நெட்ச், தாலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது: சிலருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள், மற்றவர்களை அதை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தர நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடம் முன்பு கிடைத்த கோப்பைக்கே இந்தக் கதி. உங்கள் தயக்கத்திலும் இந்த மயக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், மறுக்க மாட்டேன். ஆனால் கோப்பை உங்களைத் தேடாது. விற்ற மறுநாள் சாப்பிடாமல் கிடக்காது. உடைமை மயக்கம் என்பது உங்கள் தலைக்குள் மட்டும் நடப்பது, நாய் விஷயத்தில் இன்னொரு உயிரின் தலைக்குள்ளும் ஏதோ நடக்கிறது.

உண்மையிலேயே நடக்கிறதா? "தீனி போடுகிற கைக்கு வாலாட்டும், அதற்குப் பெயர் விசுவாசமா" என்ற பழைய வாதம் இருக்கிறதே. இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் தீனியை வைத்துத்தான் நானே பழக்குகிறேன். தீனிக்குப் பெரிய பங்கு உண்டு. கதை அதோடு முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி, இதற்கு இப்போது வெறும் அபிப்பிராயத்தைவிட நல்ல பதில்கள் இருக்கின்றன.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் என்பவரின் குழு, மயக்க மருந்து இல்லாமல், விழித்திருக்கிற நாயை எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நாயை ஆடாமல் படுக்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும், அதற்கே அவர்களுக்கு ஒரு கும்பிடு. 2016-இல் வந்த ஆய்வில் 15 நாய்கள். ஒரு பொம்மையைக் காட்டினால் தீனி வரும், இன்னொன்றைக் காட்டினால் எஜமானர் வந்து கொஞ்சுவார். இரண்டுக்கும் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார்கள். ஒன்பது நாய்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். நான்கு நாய்களுக்குக் கொஞ்சலே பெரிது. இரண்டு மட்டும் தீனிப் பக்கம். அந்த இரண்டு நாய்கள் மேலும் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அப்படிப்பட்ட நாய்களோடு வேலை பார்ப்பது சுலபம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2020-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜோஷுவா வான் போர்க், கிளைவ் வின் ஆகியோரின் குழு செய்தது. ஒரு பெரிய பெட்டி, லேசான கதவு, உள்ளே எஜமானர் மாட்டிக்கொண்டதுபோல் "காப்பாற்று, காப்பாற்று" என்று கத்துவார். நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் கீழ்ப்படிந்து வந்துவிடுமே, அதற்காக. 60 நாய்களில் மூன்றில் ஒரு பங்குதான் கதவைத் திறந்தது. "பார்த்தாயா, மூன்றில் இரண்டு நாய் கண்டுகொள்ளவே இல்லை" என்று இங்கேயே நிறுத்திவிடலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அதே பெட்டிக்குள் தீனியைப் போட்டுப் பார்த்தார்கள். தீனிக்காகத் திறந்தவை 19 நாய்கள்தான், அதாவது பெரும்பாலான நாய்களுக்கு அந்தக் கதவைத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் சமாசாரம். திறக்கத் தெரிந்த அந்த 19-இல் 84 சதவீதம் எஜமானரையும் காப்பாற்றின. எஜமானர் அதே பெட்டிக்குள் நிம்மதியாக உட்கார்ந்து பத்திரிகை படித்தபோது திறந்தவை குறைவு. கத்தும்போது நாய்கள் முனகின, தவித்தன, திரும்பத் திரும்பச் செய்தபோதும் அந்தத் தவிப்பு குறையவில்லை.

ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் வெளியே நின்று முனகுகிற நாயை நினைத்துப் பாருங்கள். விசுவாசம் இல்லை என்று அதைப் பார்த்து நாம் சொல்லியிருப்போம்.

ஹச்சிகோ என்ற ஜப்பானிய நாயின் கதையும் இதே இழுபறிதான். டோக்கியோவில் அதன் எஜமானர் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் பணியிடத்திலேயே இறந்துபோனார், அப்போது அந்த நாய்க்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. 1935 மார்ச்சில் தான் சாகும்வரை, அவரை எதிர்பார்த்து ஷிபுயா ரயில் நிலையத்துக்கு அது வந்துகொண்டிருந்தது. இறந்த பிறகு வயிற்றைத் திறந்தபோது கறி கோக்கிற குச்சிகள் கிடைத்தன, உடனே "அங்கே கடைக்காரர்கள் போட்ட கறிக்காகத்தான் வந்தது" என்று ஒரு கட்சி கிளம்பிவிட்டது. கறி போட்டார்கள், உண்மை. ஆனால் 1932-இல் பத்திரிகையில் செய்தி வந்து பிரபலமாவதற்கு முன்பு அதே இடத்தில் அது விரட்டப்பட்டது, உதை வாங்கியது, அப்போதும் வந்தது. இரண்டு கட்சியிலும் நான் இல்லை. முதலில் மனிதனுக்காக வந்து பிறகு கறியையும் சாப்பிட்டிருக்கும். நாமும் பிடித்தவர் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறோம்.

நாய்க்கும் மனிதனுக்கும் கண்ணோடு கண் நீடித்துப் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் ஏறுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது, தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் ஓடுகிற அதே சுரப்பு. மனிதர் கையால் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. பூனை வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019-இல் குட்டிப் பூனைகளைச் சோதித்ததில் ஏறக்குறைய 64 சதவீதம் தங்களை வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்போடு இருந்தன, மனிதக் குழந்தைகளின் அளவும் கிட்டத்தட்ட அதுவே. பூனை அதை விளம்பரப்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

சரி, விசுவாசம் உண்மை. இனி யாரும் அதிகம் பேச விரும்பாத பக்கம். அந்த விசுவாசம் உங்கள் நல்ல குணத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். யானை பல காலம் பழகியும் தன் பாகனையே கொல்லும், நாயோ தன் மேல் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே வாலைக் குழைக்கும் என்று நாலடியார் சொல்கிறது. நட்புக்கு உதாரணமாக, பாராட்டாகச் சொன்ன பாட்டு. எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வேல் எறிந்தவன்தான் கண்ணில் படுகிறான். அடிக்கிறவனுக்கும் வாலாட்டும், பட்டினி போடுகிறவனிடமும் திரும்பிப் போகும். அடிபட்ட நாய்களை மீட்டுக்கொண்டு வரும்போது, அடித்த அந்த ஆளின் குரல் கேட்டதும் அவை அவனை நோக்கியே இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பார்க்க நன்றாகவே இருக்காது.

அதனால் "என் நாய் என்னிடம் விசுவாசமாக இருக்கிறது" என்பது உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நாய் தன் பங்கைக் கேட்காமலே போட்டுவிட்டது. பணத்தைக் காட்டினால் அது கட்சி மாறாது, மாறத் தெரியாது. பணத்தைக் காட்டினால் மாறக்கூடியவர் இந்த உறவில் ஒருவர்தான், நாம். உங்கள் கேள்வியை நான் வாசித்த விதம் அது. நாயின் விசுவாசம் எவ்வளவு பெறும் என்பது பெரிய கேள்வி இல்லை, உங்களுடையது எவ்வளவு பெறும் என்றுதான் அந்த மனிதர் விலை கேட்டிருக்கிறார்.

நம் பக்கத்து விசுவாசத்தின் சரித்திரம் அவ்வளவு பெருமையானது இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையோடு சுமார் 4,000 நாய்கள் வேலை செய்தன. கண்ணிவெடியை மோப்பம் பிடித்து, பதுங்கியிருப்பவர்களைக் காட்டிக்கொடுத்து, எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்தவை. போர் முடிந்தபோது கணக்கேட்டில் அவை தளவாடம். உபரிப் பொருளாக அங்கேயே விடப்பட்டன அல்லது கொல்லப்பட்டன, ஊர் திரும்பியவை சுமார் 200. தன் நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கெஞ்சிய வீரர்கள் வயதாகும்வரை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெறும் படை நாய்களைத் தத்துக் கொடுக்கலாம் என்று அங்கே சட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

சட்டத்துக்கு நாய் ரொம்ப காலம் பொருள்தான், பல இடங்களில் இன்னும் அப்படித்தான். 1869-இல் அமெரிக்காவின் மிசூரியில் ஓல்ட் டிரம் என்ற வேட்டைநாய் சுட்டுக் கொல்லப்பட்டது. எஜமானர் விடாமல் வழக்காடினார். அடுத்த ஆண்டு அவருக்காக வாதாடிய ஜார்ஜ் கிரஹாம் வெஸ்ட், சாட்சியம் பற்றியே பேசாமல், பணமும் பேரும் நண்பர்களும் போன பிறகும் கூட நிற்பது நாய்தான் என்று பேசி ஜூரிகளை அழவைத்தார் என்பார்கள். வழக்கு ஜெயித்தது. கிடைத்தது 50 டாலர். அவ்வளவு பேச்சுக்குப் பிறகும் நீதிமன்றத்தால் கொடுக்க முடிந்தது பணம் மட்டும்தான், வேறு எதைக் கொடுக்கும்? பிறகு மெதுவாக மாற்றங்கள் வந்தன. விலங்குகள் பொருட்கள் அல்ல என்று ஜெர்மனி 1990-இல் தன் சட்டத்தில் எழுதியது, உணர்வுள்ள உயிர்கள் என்று பிரான்ஸ் 2015-இல் எழுதியது. கலிஃபோர்னியாவில் 2019 முதல், கணவன் மனைவி பிரியும்போது நாய் யாருக்கு என்பதை அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பார்த்து நீதிபதி முடிவு செய்யலாம்.

பொருளாதார வல்லுநர்களும் சும்மா இருக்கவில்லை. நாய்க் காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி வந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதிலிருந்து ஒரு நாயின் உயிர் மதிப்பு ஏறத்தாழ 10,000 டாலர் என்று 2019-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். சிரிப்பு வரலாம், ஆனால் அதற்குப் பயன் உண்டு: நாய் உணவில் நச்சு கலந்துவிடாமல் தடுக்கிற விதிகள் போடும்போது, நாயின் உயிரைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடாமல் இருக்க அது உதவும். அது காப்பாற்றுவதற்கு எவ்வளவு தருவார்கள் என்ற கணக்கு. எவ்வளவு கொடுத்தால் கைவிடுவார்கள் என்பது வேறு கணக்கு, அதில் பலரிடம் எண்ணே வராது. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, மீட்புக்கு வந்தவர்கள் நாய் பூனைகளை ஏற்ற மறுத்ததால் வெள்ளத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். தங்கள் உயிரையே பணயம் வைத்தவர்களிடம் போய் என்ன விலை கேட்பது? அடுத்த ஆண்டே பேரிடர்த் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள், கருணையால் மட்டும் இல்லை, நாயை ஏற்றாவிட்டால் மனிதனும் ஏற மாட்டான் என்று தெரிந்ததால்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காகப் பணத்தை மட்டமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். நாயால் பணத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, உண்மை. அமெரிக்க ஹோட்டல் முதலாளி லியோனா ஹெல்ம்ஸ்லி 2007-இல் இறந்தபோது ட்ரபிள் என்ற தன் நாய்க்கு 1.2 கோடி டாலர் எழுதிவைத்தார், நீதிபதி அதை 20 லட்சமாகக் குறைத்தார், அந்தப் பணம் அதற்குக் கொண்டுவந்து சேர்த்தது கொலை மிரட்டலும் காவலாட்களும். ஆனால் நாய்க்கு நம் விசுவாசம் போய்ச் சேருகிற வழி பெரும்பாலும் பணம்தான். தடுப்பூசி பணம், நல்ல தீனி பணம், ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு உப்பி மூச்சு வாங்கும்போது அறுவை சிகிச்சை பணம். விசுவாசம் பெரிது, பணம் தூசு என்று பேசுகிறவர் வீட்டு நாய்க்குப் பல்லில் சீழ் வைத்திருந்தால் அந்தப் பேச்சை நான் மதிக்க மாட்டேன். மாதாமாதம் ஒரு தொகையை நாய்க்கென்று தனியே எடுத்துவைக்கிறவர், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், பதில் சொல்லிவிட்டார்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: பெரிய சிகிச்சைக்குப் பணம் இல்லாததால் நாயை இழந்தவர்கள் அன்பு குறைந்தவர்கள் இல்லை. "நிஜமாகவே நேசித்திருந்தால் எப்படியாவது புரட்டியிருப்பாய்" என்று துக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறவர்களை எனக்குக் கட்டோடு பிடிக்காது. கிழட்டு நாய்க்குக் கடைசிக் கட்டத்தில் கடன் வாங்கி அறுவை சிகிச்சை செய்வது சில சமயம் நாய்க்காகக்கூட இல்லை, நம் குற்ற உணர்ச்சிக்காக. அலிஸ் வில்லலோபாஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். வலி இருக்கிறதா, சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, சந்தோஷம் தெரிகிறதா, நடமாட முடிகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்வது. மருத்துவர் அறையில் நின்று "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று சொல்வதற்கு முன் இந்த ஏழு விஷயங்களையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இனி, விற்றால் உங்கள் நாய்க்கு என்ன ஆகும் என்ற விஷயம். அது ஏங்கியே செத்துப்போகும் என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை, அப்படி ஆகும் என்று நான் சொன்னால் உங்களை என் பக்கம் இழுக்கச் சொல்கிற பொய். புகலிடத்தில் இருந்த வளர்ந்த நாய்களோடு புது ஆள் ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே தடவை பழகியதும், அவரிடம் அவை பிணைப்பின் அடையாளங்களைக் காட்டத் தொடங்கின என்று ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2001-இல் பதிவு செய்தார்கள். வழிகாட்டி நாய்கள் எல்லாம் குட்டியில் ஒரு வீடு, பயிற்சியில் ஒருவர், அப்புறம் பார்வையற்ற எஜமானர் என்று மாறித்தான் வருகின்றன, ஒவ்வொருவரிடமும் ஒட்டிக்கொள்கின்றன.

குடும்பம் வெளிநாடு போனதால் என்னிடம் வந்த ஒரு நாயைச் சொல்கிறேன். புது வீட்டில் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கேட்டைப் பார்த்தபடி, முன்கால் இரண்டையும் நீட்டி, தாடையை அதன் மேல் வைத்துப் படுத்திருக்கும். வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் ஒரு காது மட்டும் எழும்பும். சில வண்டிகளுக்குப் பாதி எழுந்துவிடும், பின்னங்கால் இன்னும் தரையிலேயே இருக்கும், வண்டி கடந்து போனதும் அப்படியே மெதுவாகத் திரும்ப இறங்கும். புது வீட்டு அம்மா அதை வற்புறுத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரங்கள் போனதும் அவர் சமையலறைக்கு எழுந்து போனால் இதுவும் எழுந்து பின்னாலேயே போக ஆரம்பித்தது. பல மாதம் கழித்துப் பழைய எஜமானர் ஊருக்கு வந்தபோது பார்க்க வந்தார். உடம்பெல்லாம் நடுங்கி, குழந்தை மாதிரிக் கத்தி, அவர் மேல் ஏறி விழுந்து ஒரு வழி பண்ணிவிட்டது. அவர் கிளம்பியபோது கேட் வரைக்கும் போய் நின்றது. பிறகு திரும்பி வந்து அந்த அம்மாவின் காலடியில் படுத்துக்கொண்டது. பழையது அழியவில்லை, புதியது வராமலும் போகவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு செய்தி. உண்மையான நெருக்கடி இருந்தால், வீடு போகிற நிலைமை, வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை, உங்களாலேயே அதைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலைமை, அப்போது நல்ல கையில் கொடுப்பது துரோகம் இல்லை. நாய் சமாளித்துக்கொள்ளும், கொஞ்ச நாள் கஷ்டப்பட்டாலும். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கடன் மாதாமாதம் அடைந்துகொண்டிருக்கிறது, இந்தப் பணம் அதைச் சீக்கிரம் முடிக்கும், அவ்வளவுதான். அதற்காக என்றால் விற்காதீர்கள். கடன் இன்னும் சில வருடத்தில் எப்படியும் தீரும். ஆறு வயது நாய்க்கு மிச்சம் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு வருடம்தான், கடன் முடிந்த பிறகு அந்த வருடங்களைத் திரும்ப வாங்க எந்தத் தொகையும் உதவாது. நண்பர்கள் சொல்கிற அந்த "இன்னொன்று" வரும், அதுவும் விசுவாசமாக இருக்கும், ஆனால் அது இந்த நாய் இல்லை.

எப்படியும் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால் தொகையைக் கடைசியில் பேசுங்கள். நாயை முதலில் சில நாள் மட்டும் அவர் வீட்டில் விட்டுப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். அதன் படுக்கைத் துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள், அந்த வாசனை முதல் சில இரவுகளுக்கு உதவும். அதற்கெல்லாம் முன்னால், அவர் உங்களிடம் இதுவரை என்னென்ன கேட்டார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வம்சச் சான்றிதழ் இருக்கிறதா, இனப்பெருக்கத்துக்கு விடலாமா, எவ்வளவு எடை என்று மட்டும் கேட்டிருந்தால் அவர் வேறு நாய் பார்த்துக்கொள்ளட்டும். இடி இடித்தால் எங்கே போய் ஒளியும், தனியாக விட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டிருந்தால் அவரோடு மேற்கொண்டு பேசலாம்.